பழைய கணினியைப் புழக்கத்தில் வைத்திருக்க: உலாவியில் தொடங்கி இயங்குதளம் வரை முழுமையான வழிகாட்டி

ஏறத்தாழ 2007 முதல் 2017 வரை வாங்கப்பட்டு, விண்டோஸ் 7, 8.1 அல்லது 10 உடன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மேசைக்கணினிகளுக்கும் மடிக்கணினிகளுக்கும் உரிய வழிகாட்டி இது. இத்தகைய கணினியை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, யாரோ பரிந்துரைத்த ஒரு லினக்ஸை (விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம்) பதிவிறக்கி, இருந்ததை அழித்துவிட்டு நிறுவுவதுதான். கீழே உள்ள வரிசையில் அது ஏழாவது படியில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஆறையும் தாண்டிப் போனவர்களே பாதி வழியில் வைஃபை இல்லாமலும், அச்சுப்பொறி இல்லாமலும், சில வேளைகளில் கோப்புகளே இல்லாமலும் நிற்கிறார்கள்.

ஒரு கணினி இன்றைக்குப் பயன்படுமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது, பாதுகாப்புத் திருத்தங்களைத் தொடர்ந்து பெறும் ஓர் உலாவி (குரோம், ஃபயர்பாக்ஸ் போன்றது) அதில் ஓடுமா என்ற கேள்விதான். வங்கிக் கணக்கு, மின்கட்டணம், பள்ளி விண்ணப்பம், மின்னஞ்சல் ஆகிய யாவும் உலாவிக்குள் வந்துவிட்டன. ஆகவே உலாவியை முதலில் முடிவு செய்து, அதை ஓட்டக்கூடிய இயங்குதளத்தை அதன்பின் தேர்ந்தெடுக்க வேண்டும்.

1. அந்தக் கணினி செய்யவேண்டிய வேலைகளை எழுதுங்கள்

கணினியைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில், அதைப் பயன்படுத்துவோர் அனைவரும் அதில் செய்யும் வேலைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸை விட முடியுமா, முடியாதா என்பதை இந்தத் தாள்தான் சொல்லும்.

டேலி போன்ற கணக்கு மென்பொருள், டிஜிட்டல் கையொப்ப டோக்கன், ஆதார் சரிபார்ப்புக்கான விரல்ரேகைக் கருவி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று பட்டியலில் இருந்தால் நிதானிக்க வேண்டும். டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. டோக்கன்களுக்கும் விரல்ரேகைக் கருவிகளுக்கும் லினக்ஸ் இயக்கி (கருவியை இயக்கும் மென்பொருள், டிரைவர்) கிடைக்குமா என்பது கருவிக்குக் கருவி மாறும் என்பதால், மாதிரி எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்துவிட்டே மேலே செல்ல வேண்டும்.

அச்சுப்பொறியையும் மாதிரி எண்ணோடு எழுதுங்கள். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளிலும் வீடுகளிலும் நிறையக் காணப்படும் கேனன் எல்பிபி 2900, லினக்ஸில் தனி இயக்கியை நிறுவினால்தான் அச்சடிக்கும்; அந்த வேலை புதியவருக்கு எளிதாக இராது. எச்பி லேசர்ஜெட் 1020 எச்பியின் லினக்ஸ் மென்பொருளோடு ஓடும், ஆனால் கூடுதலாக ஒரு செருகுநிரலை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். இதை முன்பே அறிந்தவர் நிறுவலின்போது இணைய இணைப்பைத் தயாராக வைத்திருப்பார்.

2. வன்பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள்

நான்கு செய்திகள் போதும்: செயலி (கணக்கிடும் முதன்மைச் சில்லு) 64 பிட்டா, ராம் (வேலை நினைவகம்) எவ்வளவு, வட்டு எந்த வகை, கணினி பழைய பயாஸ் முறையில் துவங்குகிறதா, புதிய யூஇஎஃப்ஐ முறையிலா (இரண்டும் இயங்குதளத்தைத் துவக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்).

முதல் கேள்வியில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். விண்டோஸின் சிஸ்டம் பக்கத்தில் 32 பிட் இயங்குதளம் என்று கண்டதும், செயலியும் 32 பிட்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த வரி நிறுவப்பட்டிருக்கும் விண்டோஸைப் பற்றியது. 2 ஜிபி ராம் கொண்ட கணினிகளில் விற்பனையாளர்கள் 32 பிட் விண்டோஸை ஏற்றித் தருவது வழக்கமாக இருந்தது. உள்ளே இருக்கும் செயலியோ 64 பிட்டாக இருக்கும். விண்டோஸ் 7-இல், கணினியின் செயல்திறன் மதிப்பெண்ணைக் காட்டும் பக்கத்தில் விரிவான தகவலைத் திறந்தால், 64 பிட் திறன் உண்டா என்பதற்குத் தனி வரி இருக்கும். விண்டோஸ் 10-இல் சிஸ்டம் பக்கமே இயங்குதளத்தையும் செயலியையும் பிரித்துக் காட்டும்.

இன்டெல் கோர் 2 டுவோவும் அதற்குப் பின் வந்த கோர் ஐ3, ஐ5 வரிசைகளும் 64 பிட் செயலிகள். ‘2’ இல்லாத பழைய கோர் டுவோவும், முதல் தலைமுறை நெட்புக்குகளில் இருந்த ஆட்டம் என்270-உம் 32 பிட் மட்டுமே. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பல வீடுகளில் அலமாரி மேல் கிடக்கின்றன; அவற்றில் 32 பிட் விண்டோஸைப் பார்த்து யாரும் கைவிட்டுவிட வேண்டாம், மேலே சொன்ன சோதனையைச் செய்து பாருங்கள்.

ராமின் அளவையும், அதன் வகை டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்3எல் இவற்றில் எது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். துவக்க முறையை விண்டோஸ் 8-உம் அதற்குப் பிந்தியவையும் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் சாளரத்தில் பயாஸ் முறை என்ற வரியில் காட்டும். விண்டோஸ் 7-இல் வாங்கப்பட்டவை பெரும்பாலும் பழைய முறையிலேயே இருக்கும்.

3. உலாவியின் எல்லையைப் பாருங்கள்

விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஆம் நாளிலும், 8.1-க்கானவற்றை 2023 ஜனவரி 10-ஆம் நாளிலும் நிறுத்தியது. இவ்விரண்டிலும் ஓடும் கடைசி குரோம் 109-ஆம் பதிப்பு. அது 2023-இன் தொடக்கத்தில் வந்தது. ஃபயர்பாக்ஸின் நீட்டிக்கப்பட்ட ஆதரவுப் பதிப்பான 115, இந்த இரண்டுக்குமான கடைசி ஃபயர்பாக்ஸ். அதற்கான திருத்தங்களை மொஸில்லா ஒன்றுக்கு மேற்பட்ட முறை நீட்டித்துக் கொடுத்திருக்கிறது. ஆகவே விண்டோஸ் 7-ஐ இன்றும் இணையத்தில் வைத்திருப்பவர் குரோமை விட்டு ஃபயர்பாக்ஸ் 115-க்கு மாறுவதே முதல் உதவி. அது மாற்றத்துக்கு அவகாசம் தரும், மாற்றத்துக்கு ஈடாகாது.

விண்டோஸ் 10-இன் நிலை வேறு. அதன் ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் கிடைக்கும். எட்ஜ் உலாவியை 2028 அக்டோபர் வரையிலாவது விண்டோஸ் 10-இல் புதுப்பிப்பதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. உலாவி புதிதாக இருந்தாலும் அடியில் இருக்கும் இயங்குதளத்தின் ஓட்டைகள் அடைபடாமல் இருந்தால் பாதுகாப்பு பாதியே என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

பழைய உலாவி ஏன் வேலை செய்யாமல் போகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பல தவறான வைத்தியங்களைத் தவிர்க்கலாம். காரணங்கள் மூன்று. ஒன்று, தளங்களின் அடையாளத்தைச் சரிபார்க்கும் மூலச் சான்றிதழ்களுக்குக் காலாவதி நாள் உண்டு. 2021 செப்டம்பர் 30 அன்று அப்படி ஒரு சான்றிதழ் காலாவதியானபோது, லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழைப் பயன்படுத்திய ஏராளமான தளங்கள் பழைய கருவிகளில் திறக்கவில்லை. 2025 மார்ச் 14 அன்று ஃபயர்பாக்ஸின் ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியாகி, 128-க்கும், 115 வரிசையில் 115.13-க்கும் முந்தைய பதிப்புகளில் துணைநிரல்கள் (உலாவியோடு சேர்க்கும் சிறு மென்பொருள்கள்) முடங்கின. இரண்டாவது, டிஎல்எஸ் எனும் மறைகுறியாக்க நெறிமுறையின் 1.0, 1.1 பதிப்புகளைப் பெரிய உலாவிகள் 2020 வாக்கில் கைவிட்டன, தளங்களும் 1.2-க்குக் கீழே பேச மறுக்கின்றன. மூன்றாவது, புதிய ஜாவாஸ்கிரிப்ட் இலக்கணம் பழைய உலாவிக்குப் புரியாது. அப்போது பிழைச் செய்தி எதுவும் வராமல் பக்கம் வெறுமையாகவே நிற்கும். பலரும் இதை இணைய வேகக் குறைவு என்று எண்ணிக்கொண்டு இணைப்பை மாற்றிப் பார்க்கிறார்கள்.

இங்கே ஒரு எளிய சோதனையைச் செய்துவிடுங்கள். சான்றிதழ் பிழை எல்லாத் தளங்களிலும் வந்தால் கணினியின் தேதியைப் பாருங்கள். தாய்ப்பலகையில் இருக்கும் சிஆர்2032 பொத்தான் பேட்டரி தீர்ந்துபோன கணினி, ஒவ்வொரு முறை மின்சாரம் நின்றபோதும் பழைய ஆண்டுக்குத் திரும்பிவிடும். அந்தத் தேதியில் எந்தச் சான்றிதழும் செல்லாது. கடிகாரக் கடையில் கிடைக்கும் ஒரு பேட்டரியோடு முடியும் வேலைக்காக இயங்குதளத்தையே மாற்றியவர்கள் உண்டு.

எக்ஸ்பி, 7 ஆகியவற்றில் ஓடுமாறு, குரோமின் மூலநிரலான குரோமியத்தை மாற்றி அமைத்த சூப்பர்மியம் போன்ற உலாவிகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பாராட்டத்தக்க உழைப்புதான். ஆயினும் சிறு குழுவின் கையிலிருக்கும் உலாவிக்குத் திருத்தங்கள் மூலத்தை விடத் தாமதமாகவே வரக்கூடும், அடியில் இருக்கும் விண்டோஸோ திருத்தமே பெறாதது. செய்தி படிக்கவும் கையேடு தேடவும் பயன்படுத்தலாம். கடவுச்சொல் கேட்கும் தளங்களுக்கு வேண்டாம் என்பதே என் முடிவு.

4. இயங்குதளத்தைத் தேர்ந்தெடுங்கள்

முதலில் விண்டோஸ் 11 பற்றிய கேள்வியை முடித்துவிடுவோம். அது டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லையும், இன்டெல்லில் ஏறத்தாழ எட்டாம் தலைமுறைச் செயலியையும் கேட்கிறது. தடையைச் சுற்றிச் செல்லும் வழிகள் இணையத்தில் உண்டு. ஆனால் அவ்வாறு நிறுவிய கணினிகளுக்குப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. 24எச்2 பதிப்பு முதல், பழைய செயலிகளில் இல்லாத சில கட்டளைகளும் கட்டாயமாகிவிட்டதால், கோர் 2 டுவோ கணினிகளில் அது துவங்கவே துவங்காது. புதுப்பிப்பு வருமா, வராதா என்று ஒவ்வொரு மாதமும் காத்திருக்க வேண்டிய ஏற்பாட்டைப் பெற்றோருக்கோ கடைக்கோ நான் பரிந்துரைப்பதில்லை.

64 பிட் செயலியும் 4 ஜிபி ராமும் இருந்தால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள். 22-ஆம் வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. விண்டோஸ் 7-இன் தொடக்கப் பட்டியலைப் பழகியவர் இதில் வழி தவற மாட்டார். மின்ட் குறைந்தது 2 ஜிபி ராம் போதும் என்கிறது. அது மேசைத்தளம் (டெஸ்க்டாப் திரை) தோன்றுவதற்கான அளவு. உலாவியில் நான்கைந்து தாவல்கள் திறப்பதற்கு 4 ஜிபி வேண்டும்.

உலாவியைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பவருக்குக் கூகுளின் குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ் பொருந்தலாம். அது 64 பிட் செயலி, 4 ஜிபி ராம், 16 ஜிபி வட்டு கேட்கும். இரண்டு எச்சரிக்கைகள்: நிறுவினால் வட்டு முழுவதையும் அழித்துவிடும், விண்டோஸோடு சேர்ந்து இருக்காது; ஆண்ட்ராய்டு ஆப்கள் அதில் ஓடா. சான்றளிக்கப்பட்ட மாதிரிகளின் பட்டியலைக் கூகுள் வெளியிடுகிறது. அதில் ஒவ்வொரு மாதிரிக்கும் ஆதரவு முடியும் ஆண்டும் இருக்கும். அதைப் பார்க்காமல் நிறுவக் கூடாது.

64 பிட் செயலி, ஆனால் ராம் 2 ஜிபி. கூட்டவும் வழியில்லை என்றால் எம்எக்ஸ் லினக்ஸின் ஃப்ளக்ஸ்பாக்ஸ் பதிப்பு, எல்எக்ஸ்க்யூடி மேசைத்தளத்துடன் டெபியன், ஆன்டிஎக்ஸ் ஆகிய லினக்ஸ் வகைகளில் ஒன்று. ஆன்டிஎக்ஸ் மிக இலகுவானது, தோற்றத்தில் முரடானது. புதியவருக்கு எம்எக்ஸ் நல்லது.

32 பிட் மட்டுமே ஆன கணினிக்கு வாசல்கள் ஒவ்வொன்றாக அடைபட்டுவருகின்றன. 32 பிட் லினக்ஸுக்கான குரோம் 2016-லேயே நின்றது. ஃபயர்பாக்ஸ் 144-ஆம் பதிப்போடு நிறுத்திக்கொண்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட்டுக்கான நிறுவி கிடையாது. அதற்கு முந்தைய டெபியன் 12-க்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை. தட்டச்சுப் பழகவும், பாட்டு கேட்கவும், பழைய ஆவணங்களைத் திறக்கவும் டெபியன் 12-ஐயோ அதன் வழிவந்த ஆன்டிஎக்ஸ் 23-ஐயோ வைத்துக்கொள்ளலாம். அந்தக் கணினியில் இணைய வங்கியை எதிர்பார்க்க வேண்டாம். செலவு செய்து ராம் கூட்டவும் வேண்டாம்.

5. காப்பு எடுங்கள்

ஆவணங்களையும் படங்களையும் எல்லாரும் நகலெடுக்கிறார்கள். விடுபடுபவை வேறு. உலாவியில் சேமித்த கடவுச்சொற்களும் புத்தகக்குறிகளும் முதலாவது. அவற்றைக் கோப்பாக ஏற்றுமதி செய்யலாம். கடவுச்சொல் கோப்பு மறைகுறியாக்கம் இல்லாத வெற்று உரை என்பதால், புதிய கணினியில் இறக்கியவுடன் அழித்துவிடுங்கள்.

இரண்டாவது, பழைய தமிழ் எழுத்துருக்கள். பாமினி, வானவில் போன்ற குறியாக்கங்களில் தட்டச்சிட்ட ஆவணங்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து அவற்றை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திருமண அழைப்பிதழ், பத்திர நகல், பள்ளி வினாத்தாள் என்று பத்து ஆண்டுக்கு முந்தைய கோப்பு தேவைப்படும் நாளில்தான் இதன் அருமை தெரியும். அன்றைக்கு அந்த எழுத்துருவைத் தேடி அலைவது எளிதல்ல.

மூன்றாவது, வட்டை மறைகுறியாக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இயக்கத்தில் இருந்தால் அதன் மீட்புச் சாவி. அது இல்லாவிட்டால் வட்டைக் கழற்றி வேறு கணினியில் இணைத்தாலும் திறக்க முடியாது.

நகலெடுத்த பின், காப்பு வட்டை வேறொரு கணினியில் செருகி, நான்கைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். நகல் முடிந்தது என்று திரை சொன்னதை மட்டும் நம்பி அடுத்த படிக்குப் போவது சரியல்ல.

6. வன்பொருளில் செய்யவேண்டியதை இப்போதே செய்யுங்கள்

வட்டு மாற்றம் நிறுவலுக்கு முன் வர வேண்டும். பின்னால் செய்தால் அத்தனை வேலையையும் மறுபடி செய்ய நேரும் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், சுழலும் பாகங்கள் இல்லாத வேக வட்டான எஸ்எஸ்டியைப் புதிதாக வாங்கிப் பொருத்தினால், கழற்றிய பழைய ஹார்டு டிஸ்க் விண்டோஸோடும் கோப்புகளோடும் அப்படியே கையில் இருக்கும். ஏதாவது தவறினால் அதைத் திரும்பச் செருகிப் பழைய நிலைக்கு வந்துவிடலாம்.

2007-க்குப் பின் வந்த பெரும்பாலான கணினிகள் சாட்டா இணைப்புடையவை, 2.5 அங்குல எஸ்எஸ்டி நேராகப் பொருந்தும். எஸ்எஸ்டிகள் 7 மில்லிமீட்டர் தடிமன் கொண்டவை. பழைய மடிக்கணினிகளின் இடம் 9.5 மில்லிமீட்டர். எஸ்எஸ்டி ஆடாமல் இருக்க, பெட்டியில் வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டினால் போதும். 120 அல்லது 240 ஜிபி அளவே நிறைய.

பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் எதை வாங்குவது? ராம் 2 ஜிபி என்றால் முதலில் ராம். 4 ஜிபி என்றால் முதலில் எஸ்எஸ்டி. 2 ஜிபியில் உலாவி, வட்டை நினைவகம்போல் பயன்படுத்தத் தொடங்கிவிடும். எவ்வளவு வேகமான வட்டாக இருந்தாலும் அது ராமுக்கு ஈடாகாது. 4 ஜிபியில் தடையாக இருப்பது ஹார்டு டிஸ்க்கின் மந்தம்.

ராம் வாங்கும்போது டிடிஆர்3-க்கும் டிடிஆர்3எல்லுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். முன்னது 1.5 வோல்ட்டிலும் பின்னது 1.35 வோல்ட்டிலும் இயங்கும். டிடிஆர்3எல் பெரும்பாலும் இரண்டு அழுத்தத்திலும் வேலை செய்யும். இன்டெல் நான்காம் தலைமுறை முதலான பல மடிக்கணினிகள் 1.5 வோல்ட் ராமை ஏற்காது. சந்தேகம் இருந்தால் பழைய ராமையே கழற்றிக் கடைக்கு எடுத்துச் சென்று, அதில் ஒட்டியிருக்கும் சீட்டைக் காட்டி வாங்குங்கள்.

பழைய ஹார்டு டிஸ்க்கிலேயே தொடர்வதானால், கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்னும் இலவச மென்பொருளால் அதன் உடல்நிலையைப் பாருங்கள். எச்சரிக்கை நிறம் காட்டினால் அதில் எதையும் நிறுவ வேண்டாம்.

மூடியைத் திறந்த கையோடு மின்விசிறியின் தூசியை அகற்றிவிடுங்கள். சூடேறும் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

7. நிறுவல் பென்டிரைவைத் தயாரியுங்கள்

8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். அதில் உள்ளவை அழிந்துவிடும். நிறுவலுக்கானவை எல்லாம் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை அந்தந்த இயங்குதளத்தின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்தோ, அத்தளம் பட்டியலிடும் நகல் தளங்களிலிருந்தோ மட்டும் இறக்குங்கள்.

இறக்கியதும், கோப்பு சிதையாமல் வந்ததா என்று காட்டும் அதன் ஷா256 கூட்டெண்ணைச் சரிபாருங்கள். 7-ஜிப் நிறுவப்பட்ட விண்டோஸில் கோப்பின்மேல் வலது சொடுக்கிட்டால் அந்தக் கணக்கீடு பட்டியலில் இருக்கும். வரும் எண்ணைத் தளத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். இடையில் அறுந்த பதிவிறக்கம் நிறுவலின் நடுவில்தான் தன் குறையைக் காட்டும். அப்போது பலரும் பென்டிரைவையோ கணினியையோ குறை சொல்வார்கள்.

ஐஎஸ்ஓவைச் சாதாரணக் கோப்புபோல் பென்டிரைவில் நகலெடுத்தால் கணினி அதிலிருந்து துவங்காது. பலீனா எச்சர், ரூஃபஸ் போன்ற மென்பொருள்தான் அதை எழுத வேண்டும். ரூஃபஸின் 4-ஆம் வரிசை விண்டோஸ் 7-இல் ஓடாது. அங்கே பழைய 3.22 பதிப்பை எடுங்கள். ரூஃபஸில் பகிர்வு முறையைக் கேட்கும்போது, பழைய பயாஸ் கணினிக்கு எம்பிஆர் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

8. நிறுவாமல் ஓட்டிப் பாருங்கள்

கணினியை அணைத்து, பென்டிரைவைச் செருகி, இயக்கியவுடன் துவக்கப் பட்டியலுக்கான விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப்12; எச்பியில் எஸ்கேப் அல்லது எஃப்9; ஆசூஸில் எஸ்கேப். ஏசர் மடிக்கணினிகள் பலவற்றில் எஃப்12 பட்டியலைப் பயாஸ் அமைப்புக்குள் சென்று முதலில் இயக்க வேண்டும். விண்டோஸ் 8 அல்லது 10 கணினியில், ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி மறுதொடக்கத்தைச் சொடுக்கியும் அங்கே போகலாம்.

வந்த மேசைத்தளத்தில் நிறுவும் சின்னத்தை உடனே சொடுக்க வேண்டாம். வைஃபை, ஒலி, திரை வெளிச்சம், தொடுபலகை, வெப்கேம், அச்சுப்பொறி இவற்றை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். மூடியை மூடித் திறந்து, கணினி உறக்கத்திலிருந்து எழுகிறதா என்று பாருங்கள். முதல் படியில் எழுதிய தாளில் உள்ள தளங்களைத் திறந்து பாருங்கள். பென்டிரைவிலிருந்து ஓடும்போது மெதுவாகத்தான் இருக்கும். வேகத்தை வைத்து இப்போது தீர்ப்பு எழுத வேண்டாம்.

திரை கறுப்பாகவே நின்றால், மின்ட்டின் துவக்கப் பட்டியலில் கம்பாட்டிபிலிட்டி மோடு என்றுள்ள வரியைத் தேர்ந்தெடுங்கள். பழைய வரைகலைச் சில்லுகள் சில அதில்தான் எழும்.

வைஃபை தெரியவில்லை என்றால் பயப்பட வேண்டாம். பிராட்காம் சில்லு கொண்ட மடிக்கணினிகளில் இது சாதாரணம். அதற்கான இயக்கியை இணையத்திலிருந்து இறக்க வேண்டும், இறக்குவதற்கோ இணையம் வேண்டும். ஆண்ட்ராய்டு கைபேசியை யூஎஸ்பி வடத்தால் இணைத்து, யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினால் கணினிக்கு உடனே இணையம் கிடைக்கும். பிறகு மின்ட்டின் டிரைவர் மேனேஜர் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

9. நிறுவுங்கள்

மடிக்கணினிக்கு மின்னிணைப்பைக் கொடுங்கள். பழைய பேட்டரியை நம்பி நிறுவலைத் தொடங்குவது ஆபத்து. தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள்.

எஸ்எஸ்டியில் நிறுவுபவர் வட்டு முழுவதையும் அழித்து நிறுவும் வழியைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். மேசைக்கணினியில் இரண்டு வட்டுகள் இருந்தால், கோப்புகள் உள்ள வட்டின் வடத்தைக் கழற்றிவிட்டு நிறுவுங்கள். பட்டியலில் பெயர்கள் ஒன்றுபோல் தோன்றும். தவறான வட்டை அழித்துவிட்டால் மீட்பது அரிது.

விண்டோஸோடு சேர்த்து நிறுவ விரும்புபவர், பென்டிரைவும் விண்டோஸும் ஒரே துவக்க முறையில் இருப்பதை உறுதி செய்ய வேண்டும். விண்டோஸ் பழைய பயாஸ் முறையிலும் லினக்ஸ் யூஇஎஃப்ஐ முறையிலும் இருந்தால், ஒன்றின் துவக்கப் பட்டியலில் மற்றது தோன்றாது. விண்டோஸ் 8-உம் 10-உம் உள்ள கணினியில் வேகத் துவக்கத்தை (ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்) முன்பே அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் விண்டோஸ் பகிர்வு (வட்டில் விண்டோஸ் இருக்கும் பகுதி) முழுமையாக மூடப்படாமல் இருக்கும், லினக்ஸ் அதில் எழுத மறுக்கும்.

காணொளி, ஒலிக்கான மல்டிமீடியா கோடெக்குகளை நிறுவவா என்று கேட்கும் பெட்டியில் குறியிடுங்கள்.

10. உலாவியைப் பழைய கணினிக்கேற்ப அமையுங்கள்

நிறுவல் முடிந்ததும் வேலை முடிந்ததென்று பலர் எழுந்துவிடுகிறார்கள். ஒரு வாரத்தில், லினக்ஸும் மெதுவாகத்தான் இருக்கிறது என்று திரும்பி வருகிறார்கள். நினைவகத்தைத் தின்பது பெரும்பாலும் இயங்குதளம் அல்ல, உலாவிக்குள் திறந்திருக்கும் பக்கங்கள்.

முதலில், ஓர் உலாவியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் 4 ஜிபி ராம் போதாது. பழைய கணினிக்கு நான் ஃபயர்பாக்ஸையே சொல்வேன், காரணம் விளம்பரத் தடுப்பு. யூபிளாக் ஆரிஜின் என்னும் துணைநிரல் ஃபயர்பாக்ஸில் முழுமையாக இயங்குகிறது. குரோம் துணைநிரல் விதிகளை மாற்றிய பிறகு அங்கே அதன் குறைக்கப்பட்ட வடிவமே கிடைக்கிறது. செய்தித் தளங்களில் செயலியை வாட்டுவது செய்தியைவிட, அதைச் சுற்றி ஓடும் விளம்பரக் காணொளிகளும் கண்காணிப்புத் துணுக்குகளும்தான். அவற்றைத் தடுத்தால் கிடைக்கும் வேகம், ராம் கூட்டியதால் கிடைக்கும் வேகத்துக்கு அருகில் வரும். வங்கித் தளம் ஏதேனும் சரியாக ஓடாவிட்டால் அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பை அணைத்தால் போதும்.

அடுத்தது காணொளி. யூடியூப் இப்போது விபி9, ஏவி1 வடிவங்களில் காணொளியை அனுப்ப விரும்புகிறது. பழைய வரைகலைச் சில்லுகளுக்கு எச்.264 மட்டுமே தெரியும். தெரியாத வடிவம் வந்தால் முழுச் சுமையும் செயலியின் தலையில் விழுந்து, படம் திக்கித் திக்கி ஓடும். எச்264இஃபை என்னும் துணைநிரல் யூடியூபை எச்.264 வடிவத்தையே அனுப்பச் செய்யும். அதோடு தரத்தை 480-க்கு இறக்கினால் கோர் 2 டுவோவிலும் பாடத்தைப் பார்த்து முடிக்கலாம்.

வேறு துணைநிரல்கள் வேண்டாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கத்திலும் தன் பங்குக்குச் சுமை சேர்க்கும்.

2 ஜிபி கணினிகளில், ராமில் உள்ளவற்றைச் சுருக்கி வைக்கும் ஸெட்ராம் வசதியை இயக்குங்கள். டெபியன் வழிவந்தவற்றில் மென்பொருள் மேலாளரில் ஸெட்ராம் என்று தேடி, ஸெட்ராம் டூல்ஸ் தொகுப்பை நிறுவினால் போதும்.

11. தமிழ் தட்டச்சும் எழுத்துருவும்

விண்டோஸில் என்எச்எம் ரைட்டரோ இ-கலப்பையோ பழகியவர்கள் லினக்ஸில் ஐபஸ் என்னும் தட்டச்சு மென்பொருள் வழியாக அதே விசைப்பலகைகளைப் பெறலாம். ஐபஸின் எம்17என் தொகுப்பை நிறுவி, உள்ளீட்டு முறைகளில் தமிழைத் தேடினால் தமிழ்99, ஒலியியல், தட்டச்சுப்பொறி அமைப்புகள் இருக்கும். சேர்த்த பின் ஒருமுறை வெளியேறி நுழையுங்கள். அதற்கு முன் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

காப்பெடுத்த பழைய எழுத்துருக்களை இருசொடுக்கிட்டு நிறுவுங்கள்; அந்த ஆவணங்கள் லிப்ரெஆபீஸில் படிக்கும்படி தெரியும்.

12. விண்டோஸை விடவே முடியாதவர்களுக்கு

முதல் படியின் தாள் விண்டோஸ் 7-ஐக் கட்டாயமாக்கினால், அதை இணையத்திலிருந்து பிரித்துவிடுங்கள். வைஃபையை அணைத்து, நெட்வொர்க் வடத்தை உருவி, கணக்கும் அச்சும் மட்டும் அதில் நடக்கட்டும். உலாவல் லினக்ஸ் ஏற்றிய வேறொரு கணினியிலோ கைபேசியிலோ. கோப்புகளைப் பென்டிரைவில் கொண்டுபோகும்போது அந்த ஒரு பென்டிரைவை வேறு எங்கும் செருகாதீர்கள். ஜெராக்ஸ் கடைக்கு வேறொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 10 கட்டாயம் என்றால் நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டு, அது முடிவதற்குள் மாற்று ஏற்பாட்டைச் செய்யுங்கள்.

13. தொடர் பராமரிப்பு

மின்ட்டில் டைம்ஷிஃப்ட்டை இயக்கி, புதுப்பிப்புக்கு முன் ஒரு நிலைப்பதிவு எடுக்கும்படி அமையுங்கள். புதுப்பிப்பால் ஒலியோ வைஃபையோ போனால் முந்தைய நிலைக்குத் திரும்ப அதுவே வழி. 120 ஜிபி வட்டில் இரண்டு நிலைப்பதிவுகளுக்கு மேல் வைக்க வேண்டாம். இடம் நிறைந்துவிட்டால் கணினி மேசைத்தளத்துக்கே வராமல் போகக்கூடும்.

புதுப்பிப்பு மேலாளரின் கேடயச் சின்னம் மாறினால் அன்றே புதுப்பியுங்கள். பாட்டி, தாத்தா பயன்படுத்தும் கணினி என்றால் தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கிவிடுவது நல்லது.

பேட்டரி உப்பித் தொடுபலகை மேலெழுந்து வந்தால், அன்றைக்கே கணினியை அணைத்துப் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். அதை அழுத்தவோ குத்தவோ கூடாது, வீட்டுக் குப்பையில் போடவும் கூடாது. மின்கழிவு சேகரிப்போரிடம் கொடுங்கள். பேட்டரி தனியாகக் கழலும் மடிக்கணினிகளை, பேட்டரி இல்லாமல் மின்னிணைப்பிலேயே ஓட்டலாம்.

இயங்குதளத்தின் பெயர், பதிப்பு, ஆதரவு முடியும் ஆண்டு மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கணினியின் அடிப்பக்கத்தில் ஒட்டுங்கள். அந்த ஆண்டு வருவதற்கு ஆறு மாதம் முன்பு இரண்டாம், மூன்றாம் படிகளை மட்டும் மீண்டும் செய்து பார்த்து, அடுத்த பதிப்புக்கு ஏற்றுவதா, இணையத்திலிருந்து எடுத்துவிடுவதா என்று முடிவு செய்யுங்கள்.